தெருவைக் கடக்க நானூறு மைல்

கிளைவ் ஓல்ட்ராய்ட் தன் வீட்டு வாசலில் நின்று கொஞ்சம் மூச்சுப் பிடித்துத் துப்பினால், எச்சில் தெருவைத் தாண்டி போல்மவுத் ஆல்பியன் கால்பந்து மைதானத்தின் மதிலில் போய் விழும். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் குடியிருக்கிறான். நல்ல மனிதன் என்பதால் ஒருநாளும் துப்பியதில்லை. மனதுக்குள் துப்பியதை யார் எண்ணிப் பார்த்தார்கள்?

அவன் பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே, ஹார்த்விக்கில். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்துத் தென்கோடித் துறைமுகமான போல்மவுத்துக்கு வந்தவன், மோர்வெனாவைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். உடம்புதான் தெற்கே வந்தது. உயிரை ஹார்த்விக் ரோவர்ஸ் அணியிடமே விட்டுவிட்டு வந்திருந்தான். அந்த அணியிடம் உயிரைக் கொடுத்து வைத்தவர்கள் யாரும் நிம்மதியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

போல்மவுத்தில் அவனை 'வடக்கான்' என்றார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஹார்த்விக் போனால், 'வந்துட்டார்யா தெக்கத்தி தொர' என்றார்கள். அவனுக்கு ஒரே ஆசைதான். வெளியூர் ஆட்டத்துக்கு வரும் ரோவர்ஸ் கூட்டத்தின் நடுவே ஒரு தடவை நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். பக்கத்தில் நிற்பவன் தோளில் கை போட்டு, 'இவன் நம்மாளு' என்று சொல்ல வேண்டும். சின்ன ஆசைதான். இந்த மாதிரிச் சின்ன ஆசைகளைத்தான் நிறுவனங்கள் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கின்றன.

அந்த வருடம் ரோவர்ஸ் இரண்டு படி சறுக்கியது, ஆல்பியன் ஒரு படி ஏறியது. இரண்டும் ஒரே பிரிவில் வந்து முட்டிக்கொண்டன. ஹார்த்விக்கில் நடந்த முதல் ஆட்டத்தில் பந்தைவிட நாற்காலிகளே அதிகம் பறந்தன. கழிப்பறைப் பீங்கானைப் பெயர்த்து வந்து எறிந்தார்கள். போலீஸ் குதிரை ஒரு ரசிகனைக் கடித்துவிட்டது என்று செய்தி வந்தது. மறுநாள், கடித்தது ரசிகன், கடிபட்டதுதான் குதிரை என்று திருத்தம் வெளியிட்டார்கள். அடுத்த ஆட்டம் ஏப்ரலில், போல்மவுத்தில். கிளைவின் வீட்டுக்கு எதிரே.

வெளியூரிலிருந்து வரும் அணியின் ரசிகர்களுக்கு மைதானத்தின் ஒரு மூலையில் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். அந்தக் கொஞ்ச இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ரோவர்ஸ் கிளப்பில் விசுவாசப் புள்ளி என்று ஒன்று வைத்திருந்தார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் புள்ளி கிடைக்கும். புள்ளி இருந்தால்தான் வெளியூர் ஆட்டத்துக்குப் போக முடியும். முதல் புள்ளியை எப்படி வாங்குவது என்று கேட்டவர்களுக்கு, பிறப்பதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும் என்ற தோரணையில் பதில் வந்தது. தொலைவில் வாழும் ரசிகர்கள் பல வருடம் முறையிட்ட பிறகு, கிளப் மனமிரங்கித் 'தூரத்து விசுவாசிகள் ஒதுக்கீடு' என்று ஒன்றை அறிவித்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. தூரத்தில் இருப்பவர், தான் தூரத்தில்தான் இருக்கிறார் என்பதை, வேலைநாள் காலையில் ஹார்த்விக்குக்கு நேரில் வந்து நிரூபிக்க வேண்டும்.

கிளைவ் போனான்.

கிளப் வாசலில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, தூரத்தவர்களுக்கு ஒரு வரிசை. உள்ளே நுழையக் கதவு ஒன்று. இதை ஏற்பாடு செய்தவர் மனித சுபாவத்தை நன்றாகப் படித்தவராக இருக்க வேண்டும். கதவு திறந்ததும் இரண்டு வரிசையும் ஒரு வரிசையாகி, ஒரு வரிசை கும்பலாகி, கும்பல் அடிதடியானது. ஷெட்லாந்து தீவிலிருந்து கப்பலேறி வந்திருந்த ஆட்டு வைத்தியர் ஒருவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள். அவர் விழுந்த இடத்தில் கிடந்தபடியே "ரோவர்ஸ் வாழ்க!" என்றார். மேலே நின்றவர்களும் "வாழ்க!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, மறுபடி ஒரு மிதி மிதித்தார்கள்.

கிளைவுக்கு முன்னால் நின்ற தடியன் திரும்பினான். முன்பல் நான்கும் இல்லை.

"எந்த வரிசைடா நீ?"

"தூரத்து வரிசை..." என்று கிளைவ் சொல்லி முடிப்பதற்குள் தடியனின் நெற்றி வந்து அவன் மூக்கில் இறங்கியது. சுள்ளி ஒடிகிற சத்தம். சட்டையின் முன்பக்கமெல்லாம் சிவப்பு. ரோவர்ஸின் நிறமும் சிவப்பே என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"தூரத்துலேருந்து வந்துட்டு முன்னாடி வேற நிக்கிறான்," என்றான் தடியன், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. அவன் பெயர் டாரில் என்று பின்னால் தெரிந்தது.

உள்ளே நியாயப் பங்கீட்டு இயக்குநர் பிக்கர்ஸ்கில் உட்கார்ந்திருந்தார். முன்பு இறைச்சிக்கூடத்தில் மேலாளராக இருந்தவர். ஆட்டையும் மாட்டையும் சத்தமில்லாமல் ஒரே வாசல் வழியாக அனுப்பிப் பழகிய கை என்று சொல்லித்தான் கிளப் அவரைக் கூப்பிட்டு வந்தது. கிளைவின் மூக்கிலிருந்து ரத்தம் மேசையில் சொட்டுவதைப் பார்த்ததும் கோப்புகளை மட்டும் நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்க சார். உங்களுக்கு என்ன குறை?"

"சார், நான் போல்மவுத்துல இருக்கேன். ஆட்டம் எங்க வீட்டுக்கு எதிர்ல. டிக்கெட் வாங்க நானூறு மைல் வர வேண்டியிருக்கு. இது நியாயமா?"

"நியாயம்னா என்ன சார்? எல்லாருக்கும் ஒரே கதவு. கதவு இங்க இருக்கு. நீங்க அங்க இருக்கீங்க. இதுல கதவு மேல என்ன தப்பு?"

கிளைவ் யோசித்துப் பார்த்தான். கதவின் மேல் தப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

"அதுவும் இல்லாம," பிக்கர்ஸ்கில் நாற்காலியில் சாய்ந்தார், "உள்ளூர்க்காரன் படற பாட்ட நெனச்சுப் பாருங்க. தெனம் காலையில எழுந்தா இந்த மைதானத்தப் பாக்கணும். எங்க அணி ஆடறதப் பாக்கணும். நீங்க கடற்கரைக் காத்து வாங்கிக்கிட்டு சந்தோஷமா இருக்கீங்க. சந்தோஷமா இருக்கறவனுக்கு டிக்கெட் குடுத்தா, கஷ்டப்படறவன் எங்க போவான்? அதனாலதான் எங்க குழு ரொம்ப யோசிச்சு, கஷ்டத்த அளக்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. அடி. கிளப்புக்காக வாங்கின அடி. பல்லுக்கு ஒரு புள்ளி, விலா எலும்புக்கு ரெண்டு. பொய் சொல்ல முடியாது பாருங்க. எலும்பு பொய் சொல்லாது."

"எனக்கு முதுகு வலி இருக்கு சார். பஸ்ல வந்தது."

"முதுகு வலி எல்லாருக்கும் இருக்கு. அந்த மூக்கு?"

"இது இப்பதான். உங்க வாசல்ல."

"எங்க வாசல்லயா?" பிக்கர்ஸ்கில்லின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து மூக்கை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். கிளைவ் அலறினான். "அப்ப இது உள்ளூர் மூக்கு. உள்ளூர்ல ஒடஞ்ச மூக்குக்கு உள்ளூர்ப் புள்ளி. ஷெட்லாந்துக்காரருக்கும் அப்பிடித்தான் குடுத்தேன், படிக்கட்டு எங்களோடதுங்கறதால. பாத்தீங்களா, வந்து வரிசையில நின்னா எப்பிடி வழி பொறக்குதுன்னு! வீட்லயே உக்காந்து அநியாயம் அநியாயம்னு கத்திக்கிட்டிருந்தா இந்த மூக்கு ஒடஞ்சிருக்குமா?"

இப்படியாகக் கிளைவுக்குத் தகுதி கிடைத்தது. டிக்கெட்டே கிடைத்துவிட்டது என்று நினைத்து அவன் எழுந்தபோது, மூலையில் நின்றிருந்த போலீஸ் கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார்.

முதல் ஆட்டத்தில் குதிரை கடிபட்ட பிறகு, காவல் துறை இந்த ஆட்டத்தைக் 'குமிழி ஆட்டம்' என்று அறிவித்திருந்தது. வெளியூர் அணியின் ரசிகர்கள் எல்லோரும் தங்கள் மைதானத்திலிருந்து கிளப் பேருந்தில் ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் நிறுத்தித்தான் டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே பேருந்தில் ஏறி, ஏறிய இடத்திலேயே இறங்க வேண்டும். நடுவில் யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. குமிழிக்கு ஓட்டை கிடையாது.

"சார், எனக்கு ரோட்டத் தாண்டினா போதும்," என்றான் கிளைவ், மூக்கில் கைக்குட்டையை அழுத்தியபடி. "என் வீட்லேருந்து அந்த கேட்டுக்கு..."

"உங்க பாதுகாப்புதான் சார் எங்களுக்கு முக்கியம்," என்றார் கண்காணிப்பாளர். "நீங்க சொல்ற வீடு எதிரி பகுதியில இருக்கு. அங்கேருந்து ஒரு ரோவர்ஸ் ரசிகர் தனியா நடந்து போறதுங்கறது உயிருக்கு ஆபத்து."

"நான் இருபத்திரண்டு வருஷமா அங்க தனியாதான் நடக்கறேன்."

"அப்ப இருபத்திரண்டு வருஷமா உங்களுக்கு அதிர்ஷ்டம். காவல் துறை அதிர்ஷ்டத்த நம்பி இருக்க முடியாது. உங்களப் பத்திரமா நானூறு மைல் வெளிய கொண்டுபோய், எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி பெருசா ஒரு பஸ்ல ஏத்தி, நேரா அந்தத் தெருவுக்குள்ள கொண்டு வருவோம். எங்க கணக்குப்படி அதுதான் பாதுகாப்பு."

ஊருக்குத் திரும்பி மோர்வெனாவிடம் சொன்னபோது, அவள் உருளைக்கிழங்கு வேகிற பாத்திரத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"ரோட்டத் தாண்ட ரெண்டு நாள் லீவு போடறியா?"

"விதி அப்படிம்மா."

"ஏணி தரேன். மதில் ஏறிக் குதி."

"அது திருட்டுத்தனம். எங்காளுங்க என்ன நெனப்பாங்க?"

"மூக்க ஒடச்சானுங்களே, அவங்களா உன் ஆளுங்க?"

"வரிசைல அப்பிடி இப்பிடி இருக்கும் மோர்வெனா. உள்ள போயிட்டா சரியாயிடும்."

அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் பைக்குள் இறைச்சி அடைத்த பேஸ்டி இரண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். கோபம் வந்தால் அதிகம் சமைக்கிறவள் அவள்.

வெள்ளிக்கிழமை கிளைவ் ரயிலேறி ஹார்த்விக் போய், மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் படுத்து, சனிக்கிழமை விடிந்ததும் பேருந்து வரிசையில் நின்றான். இந்த முறை யாரும் முட்டவில்லை. பிக்கர்ஸ்கில் தலையில் கட்டடத் தொழிலாளியின் மஞ்சள் தொப்பியோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கிளைவுக்குக் கிடைத்த இடம் டாரிலுக்குப் பக்கத்தில்.

"மூக்கு எப்பிடிடா இருக்கு?" என்றான் டாரில், ஊரில் மாமன் மச்சானை விசாரிப்பது போல.

"பரவால்ல. மூச்சு மட்டும் வரல."

"என் நெத்தியும் ரெண்டு நாள் வலிச்சுது." டாரில் ஒரு பீர் டப்பாவை உடைத்து நீட்டினான். கிளைவுக்கு நெஞ்சு நிறைந்தது. பாட்டு தொடங்கியது. எல்லாப் பாட்டிலும் போல்மவுத்துக்காரனின் தாயாரைப் பற்றி ஏதாவது வந்தது. மோர்வெனாவின் தாயாரும் போல்மவுத்துக்காரிதான். இருந்தாலும் கிளைவ் கூடவே பாடினான். மாமியார் என்பதால் அவ்வளவாக உறுத்தவில்லை.

நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பேருந்து நின்றது. போலீஸ்காரர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிக்கெட்டைத் திணித்தார்கள். கிளைவ் தன் டிக்கெட்டை முத்தமிட்டான். டாரில் போலீஸ் காவலோடு கடைக்குப் போய், 'பை' என்று அவர்கள் சொல்லும் சூடான இறைச்சிப் பணியாரம் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை அவனிடம் கொடுத்தான். நினைத்துப் பாருங்கள், மூக்கை உடைத்தவன் கையால் பை! கிளைவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய மனிதனின் நாக்கு எப்போதும் வீட்டுக்குத்தான் ஓடும்.

"ரொம்ப நன்றி, அழகு ராசா," என்றான்.

போல்மவுத்தில் கசாப்புக்கடைக்காரரும் பாதிரியாரும் போலீஸ்காரரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மீசை நரைத்த மாலுமிகூட இன்னொரு மாலுமியை அழகு ராசா என்பான். ஹார்த்விக்கிலோ ஒருவன்மேல் உயிரையே வைத்திருந்தாலும் 'டேய்' என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

பேருந்தில் பாட்டு நின்றது.

"என்னது?" என்றான் டாரில்.

"இல்ல... நன்றின்னேன்."

"ராசாவா? டேய், இவன் போல்மவுத்துக்காரன்டா! ஆல்பியன் அனுப்பின உளவாளி!"

பிறகு நடந்ததை விவரிப்பது சுலபம். எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். இருக்கைகளுக்கு நடுவே அவனைத் தள்ளித் துவைத்து எடுத்தார்கள். கையால் அடிக்க இடம் போதாதவர்கள் காலால் மிதித்தார்கள். பின்னாலிருந்து எட்ட முடியாதவர்கள் முன்னால் இருப்பவர்களிடம், "எனக்காக ஒண்ணு போடுப்பா" என்று சொல்லி அனுப்பினார்கள். இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. விலாவில் ஏதோ ஒன்று இடம் மாறியது.

"பிக்கர்ஸ்கில் சார்!" என்று கத்தினான் கிளைவ், இருக்கைக்கு அடியிலிருந்து. "சொல்லுங்க சார்! நான் ஹார்த்விக்ல பொறந்தவன்னு சொல்லுங்க!"

பிக்கர்ஸ்கில் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "பஸ்ஸுக்குள்ள நடக்கறது ரசிகர்களோட கலந்துரையாடல். கிளப் அதுல தலையிடறதில்ல. தலையிட்டா அது ஜனநாயகம் இல்ல பாருங்க." கொஞ்சம் யோசித்து, "விலா எலும்பா? நெடுஞ்சாலையில ஒடஞ்சா அது பொது எலும்பு. புள்ளி கெடையாது," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்பா பேர் என்னடா?" என்றான் டாரில், குரல்வளையைப் பிடித்தபடி.

"ஹரால்ட் ஓல்ட்ராய்ட். கேனல் தெரு. நூல் மில்லுல ஃபோர்மன்."

டாரிலின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. "ஹரால்ட எங்கப்பாவுக்குத் தெரியும். ஆனா அவரு மகன் தெக்க போயி தெக்கத்தியாயிட்டான்னு கேள்வி. சரி, பாப்போம். நீ எந்தப் பக்கம்னு அங்க போயித் தெரியும்."

தீர்ப்பைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாட ஆரம்பித்தார்கள். கிளைவ் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். பை மிதிபட்டு அவன் தொடையில் ஒட்டியிருந்தது. வழித்துத் தின்றான்; அது டாரில் வாங்கிக் கொடுத்தது.

மாலை நாலரைக்குப் பேருந்து அவன் தெருவுக்குள் நுழைந்தது. நல்ல வெயில். இரண்டு பக்கமும் போல்மவுத்துக்காரர்கள் ஆல்பியனின் பச்சைத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காவல் துறை பேருந்து வரும் நேரத்தையும் வழியையும் முந்தின நாளே பத்திரிகையில் வெளியிட்டிருந்தது, பொதுமக்கள் ஒதுங்கி இருக்கட்டும் என்று. முதல் செங்கல் முன்கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது, பிக்கர்ஸ்கில்லின் மஞ்சள் தொப்பியில்.

"குனிஞ்சுக்குங்க! விதிப்படி குனிஞ்சுக்குங்க!" என்று கத்தினார் அவர்.

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பொடிந்தன. ஒருவன் காது கிழிந்து தொங்கியது. ஒருவன் வாயில் கண்ணாடித் துண்டோடு சிரித்தான். முன்னால் போலீஸ் வண்டி ஏனோ நின்றுவிட, பேருந்தும் நின்றது. கிளைவின் வீட்டுக்கு நேரே.

கல்லெறிகிறவர்களின் முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஜாகோ நின்றான். கிளைவின் தோட்டத்து வேலியைப் போன மாதம்தான் கூடவே நின்று கட்டிக் கொடுத்தவன். கையில் பாதிச் செங்கல். ஓங்கியவன் உடைந்த ஜன்னலில் கிளைவைப் பார்த்து நிறுத்தினான்.

"கிளைவ்! நீயா! எப்பிடி இருக்க அழகு ராசா? கண்ணுல என்னய்யா?"

"பஸ்ல பட்டுது, ஜாகோ."

"பாத்துய்யா. தல குனிஞ்சுக்க," என்றான் ஜாகோ. கிளைவ் குனிந்ததும் எறிந்தான். செங்கல் பின்னால் ஒருவன் தாடையைப் பெயர்த்துவிட்டுத் தரையில் உருண்டது.

டாரில் அதைப் பொறுக்கி கிளைவின் கையில் வைத்தான்.

"இப்பத் தெரிஞ்சிரும். நம்மாளுன்னா எறி."

"யாரு மேல?"

டாரில் விரலை நீட்டினான். "அந்த வீடு. பச்சக் கொடி தொங்குது பாரு."

அது கிளைவின் வீடு. கொடி கட்டாத வீட்டின் கண்ணாடியை உடைப்போம் என்று ஆல்பியன் ரசிகர்கள் தெருவில் எச்சரித்திருந்ததால், கண்ணாடியைக் காப்பாற்ற மோர்வெனா காலையில்தான் ஒரு பச்சைக் கொடியைக் கட்டியிருந்தாள்.

கிளைவ் வாயைத் திறந்தான். 'அது என் வீடு' என்று சொன்னால் கதை முடிந்தது. போல்மவுத்தில் வீடு, வாசலில் பச்சைக் கொடி, வாயில் அழகு ராசா. உளவாளி என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது, நானூறு மைல், மூக்கு, விலா, எல்லாம் இந்த இடத்தில் வந்து நிற்கிறது. பேருந்து முழுக்க அவனையே பார்த்தது. சுவரில் எறியலாம், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே வெறும் சுவரில், என்று நினைத்தான். நல்ல யோசனைதான். ஆனால் குறி பார்க்க அவனிடம் ஒரு கண்தான் இருந்தது.

எறிந்தான்.

செங்கல் கீழ்த்தள ஜன்னல் வழியாகப் போனது. கண்ணாடி கொட்டிய சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெண் குரல் ஒரே ஒரு தரம் கேட்டு, நின்றது. பேருந்தைத் தேடி மோர்வெனா ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்க வேண்டும்.

பேருந்து ஆரவாரத்தில் வெடித்தது. நாற்பது பேரும் எழுந்து குதித்தார்கள். யாரோ அவன் தலையில் பீரைக் கவிழ்த்தார்கள். டாரில் அவன் தோளில் கையைப் போட்டு உலுக்கினான்.

"இவன் நம்மாளுடா!"

வெட்கத்தைவிட்டுச் சொன்னால், கிளைவுக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அந்த ஒற்றைக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. அதற்கும் அடியில் சந்தோஷம் இருந்தது. அதை நினைத்துத்தான் அவன் பின்னால் அதிகம் பயந்தான். கதவைத் தட்டி இறங்கப் பார்த்தான். "குமிழி," என்றான் வாசலில் நின்ற போலீஸ்காரன். பேருந்து மதிலைச் சுற்றி உள்ளே போனது.

ரோவர்ஸ் நான்கு கோலில் தோற்றது. ஒரு கண்ணால் பார்த்த கிளைவுக்கு இரண்டு கோல்தான் தெரிந்தது. வெளியூர்க்காரர்களுக்கான அந்த மூலையில், நடுவே, அவன் நின்றான். இடப்பக்கம் டாரில், வலப்பக்கம் தாடை பெயர்ந்தவன். கத்துவதற்கு வாயைத் திறந்தால் விலா குத்தியது. அவன் கத்தவே வேண்டியிருக்கவில்லை. அவனுக்காக அவர்களே ஒரு புதுப்பாட்டுக் கட்டியிருந்தார்கள்.

"யாரு எறிஞ்சது?"

"கிளைவ் எறிஞ்சது!"

"யாரு நம்மாளு?"

"ஓல்ட்ராய்ட் நம்மாளு!"

ஆட்டம் முடிந்து பேருந்து அதே தெரு வழியாக, அதே ஊர்வலமாகத் திரும்பியது. இன்னும் வெளிச்சம் இருந்தது. கல்லெறிந்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கிளைவின் வீட்டு வாசற்படியில் மோர்வெனா தலையில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டு வெள்ளை, பாதிக்கு மேல் அந்த நிறம் இல்லை. ஜாகோ உடைந்த ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், உன் கைவண்ணத்தப் பாருடா!" என்று டாரில் கத்தினான். பேருந்து முழுக்கப் பாட்டு எழுந்தது. கண்ணாடி இல்லாத ஜன்னல்கள் வழியாக அது தெருவெல்லாம் கேட்டது. யாரு எறிஞ்சது? கிளைவ் எறிஞ்சது!

மோர்வெனா தலையை நிமிர்த்தினாள். ஜாகோவின் சுத்தியல் நின்றது.

தெருமுனை திரும்புவதற்குள் கிளைவின் போன் அடித்தது.

"பாட்டு நல்லாக் கேட்டுச்சு," என்றாள்.

"மோர்வெனா... நான் சுவரத்தான் குறி வச்சேன்... சத்தியமா சுவரத்தான்..."

"தையல் போடணும்கறாங்க. ஜாகோ கூட்டிட்டுப் போறான். நீ தெருமுனைலதான இருக்க? எறங்கி வா."

"இதோ வரேன்."

அவன் எழுந்து, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். போன் கையிலேயே இருந்தது. "பிக்கர்ஸ்கில் சார், கதவத் தெறக்கச் சொல்லுங்க. நான் எறங்கணும்."

"ஹார்த்விக்ல ஏறினவர் ஹார்த்விக்லதான் சார் எறங்கணும். உங்களுக்குத் தெறந்தா எல்லாருக்கும் தெறக்கணும். எல்லாரும் எறங்கினா அப்புறம் யாரப் பாதுகாக்கறது?"

"அந்த வீட்ல ஒருத்திக்குத் தலையில அடி சார்."

பாட்டு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. பின்னாலிருந்து டாரிலின் குரல் வந்தது. கோபமான குரலாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டான்.

"ஏன்டா கிளைவ்? அது யாரு வீடு?"

நாற்பது பேர் காத்திருந்தார்கள். கையிலிருந்த போனுக்குள்ளும் ஒருத்தி காத்திருந்தாள். விலா வலித்தது; கண் வலித்தது; இன்னொரு தடவை அந்த இருக்கைகளுக்கு நடுவே விழ அவனுக்குத் தெம்பு இல்லை. உடைந்த ஜன்னல் வழியாகக் குதித்திருக்கலாம். அடித்தே கொன்றாலும் அது என் வீடு என்று சொல்லியிருக்கலாம். இந்தக் கதையைச் சொல்கிற நானும் அவன் சொல்லுவான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"யாரு வீடோ," என்றான் கிளைவ்.

பிறகு போனைக் காதில் வைத்தான். அவள் சொன்னாள்: "சரி. அங்கயே இருந்துக்கோ."

பேருந்து நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே வேகம் பிடித்தது. பிக்கர்ஸ்கில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி அவன் பக்கம் சாய்ந்தார்.

"ஓல்ட்ராய்ட் சார், எங்க பதிவுல உங்க முகவரி அந்த வீடுதான். அது உங்க வீடு இல்லைன்னா நீங்க தூரத்து ஆளும் இல்ல. அடுத்த வருஷம் ஒதுக்கீட்ல உங்களுக்கு எடம் கெடையாது. தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க நியாயத்த விட்டுக்குடுக்க முடியாது பாருங்க."

கிளைவ் தலையாட்டினான். பிறகு பின்னால் போய், டாரில் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தான்.